‘மருந்துக்குக் கொஞ்சம்’: வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது மருந்தல்ல

 

இந்த மாதப் பாடத்தின் தலைப்பைச் சொன்னதும், “கர்ப்பிணிகள் மது அருந்துவதா? அது வெளிநாட்டுப் பிரச்சினை ஆயிற்றே, நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மது அருந்துகிறார். பெண்களிலோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்தக் கணக்கைப் பார்த்தால் இந்தப் பாடமே தேவையில்லை என்று தோன்றும்.

ஆனால் அந்தக் கணக்கு ஒரே ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில்: “நீங்கள் மது அருந்துவீர்களா?” பெரம்பலூர், அரியலூர் பகுதிக் கிராமங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெண்கள் “சீச்சீ, அதெல்லாம் இல்லை” என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை. “சளி பிடித்தால் பிராந்தி கொடுப்பதுண்டா? பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும் என்று எதையாவது தருவீர்களா? நாள் முழுக்கக் குனிந்து வெங்காயம் பிடுங்கி, கல் சுமந்து வந்தால் உடம்பு வலிக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அப்போது பதில் மாறும். “அது மருந்துக்குத்தானே, கொஞ்சம்தான்” என்பார்கள்.

இந்தப் பாடம் அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லைப் பற்றியது.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

பிராந்தி, பீர், கள், சாராயம் என்று பெயர் எதுவானாலும் போதை தருவது ஒரே பொருள்தான்: ஆல்கஹால். தாய் குடித்த ஆல்கஹால் இரைப்பையிலும் குடலிலும் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. தாயையும் பிள்ளையையும் இணைப்பது நஞ்சுக்கொடி. சில கிருமிகளையும் சில பொருள்களையும் அது தடுத்து நிறுத்தும். ஆல்கஹாலை அதனால் தடுக்க முடியாது. சிறிது நேரத்திலேயே தாயின் ரத்தத்தில் இருக்கும் அளவுக்கு ஏறக்குறையச் சமமாகப் பிள்ளையின் ரத்தத்திலும் ஆல்கஹால் சேர்ந்துவிடுகிறது.

தாய்க்கு முதிர்ந்த கல்லீரல் இருக்கிறது. குடித்ததை அது மெல்ல மெல்லச் சிதைத்து வெளியேற்றும். பிள்ளையின் கல்லீரலுக்கு அந்த வேலையைச் செய்யும் பக்குவம் வந்திருக்காது. பிள்ளையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீரிலும் ஆல்கஹால் தேங்கி நிற்கும். அந்த நீரைத்தான் பிள்ளை விழுங்குகிறது. ஆகவே தாய்க்குத் தெளிந்த பிறகும் பிள்ளைக்குத் தெளிவதில்லை.

இதில் காலமும் முக்கியம். கரு உண்டான முதல் 4 வாரங்களுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான குழாய் மூடிவிடுகிறது. 8 வாரங்களுக்குள் இதயம், கை கால், முகம் எல்லாம் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. மாதவிலக்கு தள்ளிப்போனதைப் பல பெண்கள் கவனிப்பதே அந்த நேரத்தில்தான். அதற்குப் பிறகும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. மூளை மட்டும் பிரசவம் வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. எனவே “முதல் மூன்று மாதம் கடந்துவிட்டது, இனிப் பயமில்லை” என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

உலகம் இதை எப்போது அறிந்தது?

1968இல் பிரான்சின் நான்ட் நகரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் பால் லெமுவான், குடிப்பழக்கம் உள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளை ஆராய்ந்து எழுதினார். அந்தக் குழந்தைகளிடம் ஒரே மாதிரியான குறைகள் இருந்தன. அப்போது அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் அதே குறைகளைக் கண்டு, அதற்குக் கருநிலை ஆல்கஹால் பாதிப்பு என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். 1981இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி, கர்ப்பிணிகள் மதுவைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுரை வெளியிட்டார். கர்ப்ப காலத்தில் மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தையின் முகத்தில் சில அடையாளங்கள் தெரியும். கண் திறப்பு சிறிதாக இருக்கும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் தட்டையாக இருக்கும். மேலுதடு மெலிந்திருக்கும். எடையும் உயரமும் குறைவாக இருக்கும்.

ஆனால் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முகத்தில் எந்த அடையாளமும் இருக்காது. பார்க்க நன்றாகத்தான் இருப்பார்கள். பாதிப்பு மூளையில் இருக்கும். சொன்னதை நினைவில் வைக்க முடியாது. ஓரிடத்தில் உட்கார முடியாது. கணக்கு ஏறாது. காசின் மதிப்பும் நேரத்தின் கணக்கும் பிடிபடாது. நேற்று வாங்கிய அடி இன்று பாடமாகாது. இப்படிப்பட்ட பிள்ளையைப் பள்ளியில் ‘மந்தம்’ என்பார்கள். வீட்டில் ‘அடங்காதது’ என்பார்கள். மத்ரஸாவிலும் அதே பெயர்தான் கிடைக்கும். உண்மையான காரணம் யாருக்கும் தெரியாமலே அந்தப் பிள்ளை வளர்ந்துவிடும். இந்தப் பாதிப்பு வாழ்நாள் முழுவதும் இருக்கும். குணமாக்க மருந்தில்லை. ஆனால் இதை முழுவதுமாகத் தடுக்க முடியும். பிறவிக் குறைகளில் இப்படி உறுதியாகச் சொல்லக்கூடியவை மிகச் சில.

இவை தவிர, கருச்சிதைவு, குறைப்பிரசவம், இறந்து பிறத்தல், எடை குறைந்து பிறத்தல் ஆகியவற்றின் ஆபத்தையும் மது கூட்டுகிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, உலகில் ஆண்டுதோறும் சுமார் 1,19,000 குழந்தைகள் முழுமையான பாதிப்புடன் பிறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது.

‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு?

“பீர் லேசானது, பிராந்திதான் கெடுதல்” என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

60 மில்லி பிராந்தியில் தூய ஆல்கஹால் சுமார் 20 கிராம். 650 மில்லி பீர் பாட்டிலில், அது 5 சதவீத பீராக இருந்தால், சுமார் 25 கிராம். ‘ஸ்ட்ராங்’ என்று விற்கப்படும் பீரில் அதற்கும் மேல். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம். அதாவது ஒரு முழு பீர், இரண்டு மூடி பிராந்தியைவிட வயிற்றுப் பிள்ளைக்கு அதிக ஆல்கஹாலைக் கொண்டுபோகிறது. நுரை பொங்குவதால் அது சோடா ஆகிவிடாது. கள்ளிலும் ஆல்கஹால் உண்டு. இறக்கிய பதநீர் புளிக்கப் புளிக்க அது கூடிக்கொண்டே போகும்.

கடையில் வாங்காமலே வீட்டுக்குள் வரும் ஆல்கஹாலும் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அரிஷ்டங்களும் ஆசவங்களும் நொதிக்கவைத்துச் செய்யப்படுபவை. அவற்றில் இயற்கையாகவே ஆல்கஹால் உருவாகியிருக்கும். பாட்டில் சீட்டிலேயே அதன் சதவீதம் அச்சிட்டிருக்கும். சில இருமல் மருந்துகளிலும் டானிக்குகளிலும் உண்டு. இவற்றைச் சாப்பிட்டவர்கள் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் கர்ப்பமாக இருக்கும் பெண், சீட்டைப் படித்துக் காட்டி, மருத்துவரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கேட்காமல் எந்த மருந்தையும் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீடுகளில் கேட்கும் நான்கு பேச்சுகள்

“சளிக்கும் இருமலுக்கும் இரண்டு மூடி பிராந்தி நல்லது.” நல்லதல்ல. பிராந்தி குடித்ததும் தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடாகத் தோன்றும். உண்மையில் உடல் தன் வெப்பத்தை இழக்கிறது. சளி எந்த வகையிலும் குறைவதில்லை. கர்ப்பிணிக்குச் சளி என்றால் ஆவி பிடிக்கலாம், வெந்நீர் குடிக்கலாம். காய்ச்சல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

“பிள்ளை பெற்ற உடம்புக்குப் பிராந்தி கொடுத்தால்தான் வயிற்று அழுக்கு இறங்கும், பாலும் ஊறும்.” இதுவும் தவறு. தாய் குடித்த ஆல்கஹால் தாய்ப்பாலில் இறங்குகிறது. பால் சுரந்து வருவதை அது குறைக்கிறது. பிள்ளையின் தூக்கத்தையும் கெடுக்கிறது. பச்சைக் குழந்தையின் நாக்கில் தடவுவதும், நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பதும் இன்னும் ஆபத்து. மெல்லிய தோல் வழியாகவே அது உள்ளே போகும். குழந்தையின் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம், மூச்சு தடுமாறலாம்.

“எனக்கும் கொடுத்தார்கள். என் பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்?” அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சி. எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. தாயின் உடல்நிலை, சத்து, குடித்த அளவு, காலம் என்று பல சேர்ந்துதான் பாதிப்பு அமைகிறது. கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தவர் ஒருவர் பிழைத்தார் என்பதற்காக அதையே வழியாக நாம் சொல்லித்தர மாட்டோம்.

“கர்ப்பம் என்று தெரியாமல் குடித்துவிட்டேன். இனி என்ன செய்ய?” இந்தக் கேள்வியை நாம் மிகுந்த பரிவோடு கேட்க வேண்டும். ஒருமுறை குடித்ததாலேயே பிள்ளைக்குக் குறை வந்துவிட்டது என்று பொருளல்ல. தெரிந்த அன்றே நிறுத்தினால், அன்று முதல் பிள்ளைக்கு நன்மைதான். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பயன் உண்டு. பயந்துபோய்க் கருவைக் கலைக்க ஓட வேண்டாம். செவிலியரிடம் சொல்லுங்கள். ஸ்கேன் பார்க்கும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

கூலியோடு வந்த மது: ஒரு நாட்டின் பாடம்

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் திராட்சைத் தோட்டங்கள் நிறைய. அங்கே முன்பு தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியைத் திராட்சை மதுவாகவே கொடுத்தார்கள். ஆண்களும் பெண்களும் தலைமுறை தலைமுறையாக அதற்குப் பழகினார்கள். பின்னர் அந்த முறையைச் சட்டம் தடை செய்தது. ஆனால் குடிப்பழக்கம் போகவில்லை. இன்று கருநிலை ஆல்கஹால் பாதிப்பு உலகிலேயே மிக அதிகமாகப் பதிவாகியிருக்கும் இடங்களில் அந்தப் பகுதியும் ஒன்று. குற்றம் அந்தத் தாய்மாருடையது மட்டுமா? மதுவைக் கூலியாக்கியவர்களுக்கு அதில் பங்கில்லையா?

நம் ஊருக்குத் திரும்புவோம். அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் காடுகளும், பெரம்பலூரில் கல்குவாரிகளும் சின்ன வெங்காய வயல்களும் இருக்கின்றன. எல்லாம் உடம்பை முறிக்கும் வேலைகள். கடின வேலை முடிந்ததும் கூலியோடு ‘அதற்கும்’ காசு கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இன்றும் உண்டு. 2024 ஜூனில், அருகிலுள்ள கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். உழைக்கும் பெண்கள் குடிப்பதே இல்லை என்று நாம் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்பதற்கு அது துயரமான சாட்சி.

ஆள் வைத்து வேலை வாங்கும் நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூலியைக் கூலியாக மட்டும் கொடுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்குக் குனிந்து செய்யும் வேலையும் சுமை தூக்கும் வேலையும் தராதீர்கள். உடம்பு வலி குறைந்தால் வலிக்கு மருந்து தேடும் தேவையும் குறையும்.

ஆண்களின் பங்கு

வீட்டுக்கு அந்தப் பாட்டிலை வாங்கி வருவது பெரும்பாலும் ஆண்தான். மருமகளுக்கு ஊற்றிக் கொடுப்பது வீட்டுப் பெரியவர்கள். அந்தப் பெண் தானாகக் கேட்டது மிகக் குறைவு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை பல வீடுகளில் அவளுக்கு இல்லை. எனவே இந்தப் பாடத்தை அவளுக்கு மட்டும் நடத்தினால் பயனில்லை. கணவரும் மாமியாரும் மாமனாரும் படிக்க வேண்டும். கணவர் குடிப்பவராக இருந்தால், மனைவி கர்ப்பமாக இருக்கும் பத்து மாதம் அவர் தொடாமல் இருப்பது அவளுக்குப் பெரிய துணை. சத்தான உணவுக்கு வேண்டிய காசும் அதனால் மிஞ்சும்.

மார்க்கம் சொல்வது

மது விலக்கப்பட்டது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். சூரா அல்மாயிதாவின் 90ஆம் வசனம் அதைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் ‘மருந்து’ என்ற பெயரில் வரும்போது நாம் தடுமாறுகிறோம். மருந்துக்காகத்தானே செய்கிறேன் என்று ஒரு தோழர் கேட்டபோது, அது மருந்தல்ல, நோய் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அதிகமாகக் குடித்தால் போதை தருவது எதுவோ, அதில் சிறிதளவும் கூடாது என்பதும் அவர்கள் காட்டிய வழியே. ‘கொஞ்சம்’ என்ற சாக்குக்கு இங்கும் இடமில்லை. அரிஷ்டம் போன்றவை பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே மார்க்கம் பிறர் குறையை மறைக்கச் சொல்கிறது. தவறிய ஒருத்தியை ஜமாஅத்தில் பேசுபொருளாக்குவதற்கு இந்தப் பாடம் ஆயுதமாகக் கூடாது. வெட்கத்துக்குப் பயந்து அவள் மறைத்தால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

என்ன செய்யலாம்?

1. கர்ப்பம் உறுதியானதும் 12 வாரங்களுக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் பயனுக்கும் அந்தப் பதிவு வேண்டும். அப்போதே, எதையாவது மருந்தென்று குடித்திருந்தால் சொல்லிவிடுங்கள்.

2. தினமும் குடித்துப் பழகிய பெண் திடீரென்று தானாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம். அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையையோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகுங்கள்.

3. போனில் கேட்க: மருத்துவ ஆலோசனைக்கு 104, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மன உளைச்சலுக்கு 14416. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவரிடமிருந்து பாதுகாப்புக்கு 181. அவசரத்துக்கு 108.

4. பிறந்த பிள்ளைக்குப் பேச்சும் நடையும் தாமதமானாலோ, படிப்பில் மிகவும் பின்தங்கினாலோ, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். கர்ப்ப காலத்தில் மது அருந்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குணமாக்க முடியாவிட்டாலும், சிறு வயதிலேயே பயிற்சி தொடங்கினால் பிள்ளை பெரிதும் முன்னேறும்.

5. பெண்ணிடம் கேட்கும்போது “குடிப்பாயா?” என்று கேட்காதீர்கள். “உடம்புக்கு என்னம்மா எடுத்துக்கொள்கிறாய்?” என்று கேளுங்கள். உண்மையான பதில் அதற்குத்தான் வரும்.

மாதர் வகுப்பில் பேசிப் பார்க்க

நம் வீட்டில் சளிக்கும் பிரசவத்துக்கும் என்ன கொடுக்கும் வழக்கம் இருந்தது? அதைத் தொடங்கியவர் யார்? அந்தப் பெரியவரின் மனம் நோகாமல் அதை எப்படி நிறுத்துவது? நம் தெருவில் இப்போது கர்ப்பமாக இருப்பவர்கள் யார், அவர்களிடம் இதை யார் போய்ச் சொல்வது?

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லை. அதற்காகச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். நம் தாய்மாருக்கும் பிறக்கப்போகும் நம் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் முழு ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.